அரைச்சங்கிலி மகன் ஓடிய ரோடு

போன மாதம் என் மகள் கையில் கட்டிக்கொள்ள ஒரு கடிகாரம் வாங்கிக் கொடுத்தாள். மணி காட்டுவது அதற்குச் சில்லறை வேலை. நாடி எப்படித் துடிக்கிறது, எவ்வளவு நேரம் தூங்கினேன், எத்தனை படி ஏறினேன் என்று எல்லாவற்றையும் வேவு பார்க்கிறது. ஓடினால், ஒவ்வொரு கிலோமீட்டர் முடியும்போதும் மணிக்கட்டில் லேசாக உதறிவிட்டு ஒரு சத்தம் போடுகிறது. எனக்கு அறுபது தாண்டிச் சில வருடங்கள் ஆகின்றன. காலையில் நான் செய்வதை ஓட்டம் என்று நான் ஒருவன்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வீட்டுச் சீனத்து அம்மா கேட்டருகே நின்று 'ஜாலான் ஜாலானா?' என்றுதான் கேட்பார். உலாத்திவிட்டு வருகிறாயா என்று அர்த்தம்.

கோலா சிலாங்கூருக்கு வெளியே நான் இப்போது குடியிருக்கும் இந்தத் தாமான், இந்தக் குடியிருப்பு, முன்பு நாங்கள் பிறந்து வளர்ந்த செம்பனைத் தோட்டம். மரங்களை அழித்து வீடுகள் கட்டினார்கள். மாரியம்மன் கோயிலை மட்டும் ஒரு மூலையில் விட்டுவைத்தார்கள். தோட்டத்தின் நடுவே நேராகப் போகும் கல்லு ரோடு தார் பூசிக்கொண்டு, நடுவில் பூச்செடி வைத்துக்கொண்டு இன்னும் அதே இடத்தில் கிடக்கிறது. கோயிலில் கிளம்பி அதில் ஓடினால் தண்ணீர்த் தொட்டி வரும். இப்போது தொட்டி இல்லை, பூட்சால் பந்து விளையாடும் கொட்டகை இருக்கிறது. கோயிலிலிருந்து தொட்டிவரை ஒரு கிலோமீட்டர் என்றுதான் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். கடிகாரம் கட்டிய முதல் நாள், கொட்டகை இன்னும் தள்ளி இருக்கும்போதே அது கூவிவிட்டது. நான் நிற்கவில்லை. என் கால்களுக்குக் கிலோமீட்டர் என்றால் இன்னும் தொட்டிதான்.

அந்த மிச்சத் தூரத்தை ஓடும்போது என் பழைய கூட்டாளி சவரிமுத்து ஞாபகம் வந்தான். அவனைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் முட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பச்சை முட்டையை உடைத்து, அதே ஓட்டில் நல்லெண்ணெயை ஊற்றி, அண்ணாந்து ஒரே வாயில் விழுங்குவான். பக்கத்தில் நிற்கிறவன் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். விடியும் முன்னால் கோயில் வாசலில் நாங்கள் காலில் தைலம் தேய்த்துக்கொண்டு நிற்போம். தைல வாடை, முட்டை வாடை, தூரத்து எண்ணெய் ஆலையிலிருந்து வரும் அந்தப் புளித்த இனிப்பு வாடை, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வரும். இன்றைக்கும் யாராவது லிஃப்டில் தைலம் பூசிக்கொண்டு ஏறினால் என் முழங்கால் ஓடுவதற்குத் தானாக மடங்கப் பார்க்கிறது.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ஓடும் போட்டிக்கு எங்கள் பக்கத்தில் வெட்டரன் என்று பெயர். அந்தக் காலத்தில் சிலாங்கூரின் வடக்கே எந்த ஊரில் ஓட்டப் பந்தயம் வைத்தாலும் வெட்டரன் பிரிவு ஒன்று இருக்கும். நான் தொழிற்சாலைப் பெண்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தே இருந்து வயிறு ஸ்டீரிங்கைத் தொட ஆரம்பித்தது. கிளினிக்கில் டாக்டர் பயமுறுத்தினார். சவரி எண்ணெய் ஆலையில் மெஷின் பிட்டர். நெடுநெடுவென்று இருப்பான். எங்களோடு மூன்றாவதாகக் குணசேகரன், ரோடு போடும் கான்ட்ராக்டரிடம் ஸ்டோர் பார்த்தவன். மூன்று பேரும் ஒரே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இந்த மூன்று பேரோடு இன்னும் சிலர் சேர்ந்ததுதான் கிளப். ஒரு பெயின்ட் கடைக்காரர் பனியன் கொடுத்தார். முன்னால் கிளப் பெயர் சின்னதாகவும் முதுகில் பெயின்ட் விளம்பரம் பெரிதாகவும் இருக்கும். என் முதுகை யாரும் பார்க்க வாய்ப்பில்லாததால் அவருக்கு என்னால் பெரிய லாபம் இல்லை. எனக்குப் பின்னால் வந்தது பெரும்பாலும் ஆம்புலன்ஸ்தான்.

சவரிக்கு ஓட்டம் பொழுதுபோக்கு இல்லை. அவனுக்கு ஒரு காரணம் இருந்தது, அது அவன் அப்பாவின் பட்டப்பெயர்.

கடற்கரைப் பக்கத்துத் தோட்டங்களில் தண்ணீர் வடியாது. கான் வெட்டினால்தான் மரம் நிற்கும். கான் என்றால் வடிகால். சவரியின் அப்பா அருளப்பன் வாலிபத்திலிருந்து கான் வெட்டியவர். காலையில் மண்டோர், அதாவது கங்காணி, வந்து சங்கிலி போட்டு அளப்பார். வளையம் வளையமாகக் கோத்த கம்பிச் சங்கிலி, இரண்டு பக்கமும் பித்தளைப் பிடி. ஓர் ஆளுக்கு இத்தனை சங்கிலி என்று அளந்து குச்சி நட்டுவிட்டுப் போவார். குச்சிக்குக் குச்சி வெட்டி முடித்தால்தான் அன்றைக்கு முழுப் பேர், அதாவது முழுக் கூலி. அருளப்பன் மாமா ஒரு நாளும் முடித்ததில்லை என்பார்கள். எல்லாரும் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு கரையேறும்போது அவர் மட்டும் இடுப்பளவு சேற்றில் நிற்பார். மண்டோர் எட்டிப் பார்த்து, "இன்னும் அர சங்கிலி கெடக்கே" என்பார். அந்தச் சொல்லே பெயராகிவிட்டது. தோட்டத்தில் அரைச்சங்கிலி என்றால் அருளப்பன், அரைச்சங்கிலி மகன் என்றால் சவரி. பள்ளிக்கூடத்தில் அவன் வீட்டுப்பாடம் முடிக்காமல் வந்தால் வாத்தியாரே, "அப்பன் மாதிரியே அரைச்சங்கிலியில நிறுத்திட்டியா" என்று கேட்டிருக்கிறார். நாங்கள் சிரித்திருக்கிறோம். பிள்ளைகள் எதற்குத்தான் சிரிக்கவில்லை.

இத்தனைக்கும் அருளப்பன் மாமா சோம்பேறி என்று யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. உடம்பில் வலு இல்லை என்று பரிதாபமாகத்தான் சொல்வார்கள். அவரும் அதை ஒப்புக்கொண்டவர் போலத்தான் நடப்பார். கொஞ்சம் குனிந்து, யாருக்கோ வழிவிடுகிற மாதிரி. தோட்ட ஆஸ்பத்திரி டிரஸ்ஸரிடம் போய்ச் சத்து ஊசி கேட்பாராம். சவரி அம்மா கோழி வளர்த்து, தினமும் ஒரு பச்சை முட்டையை நல்லெண்ணெய் விட்டு அவருக்குக் கொடுப்பார். சவரிக்கு முட்டைப் பழக்கம் வந்த வழி அதுதான்.

கிளப் ஆரம்பித்த புதிதில் நான் அவனிடம் சும்மா கேட்டேன், எதுக்குடா இப்படி உயிரை விட்டு ஓடுற என்று. ஷூ நாடாவை முடிந்துகொண்டே சொன்னான்.

"அந்தப் பேர இந்தத் தோட்டத்துல ஒருத்தனும் சொல்லாம போற வரைக்கும் ஓடுவேன்லா. ஒரு நாளு கப்பு தூக்கிட்டு வந்தா வேற பேரு வெச்சித்தானே ஆவணும்."

ஓடுவதற்குத் தூரம் தெரிய வேண்டும் அல்லவா. நகரத்துக் கிளப்காரர்கள் கிலோமீட்டருக்கு இவ்வளவு நேரம் என்று கணக்கு பேசுவார்கள். எங்களுக்கு ரோடு இருந்தது, கணக்கு இல்லை. என் மோட்டார் சைக்கிள் மீட்டர் ஒன்று சொன்னது, குணாவின் மோட்டார் சைக்கிள் மீட்டர் வேறு சொன்னது. இரண்டுமே எங்களைப் போல வெட்டரன்கள். அப்போது குணா சொன்னான், "வீட்டுல அப்பா சங்கிலி இருக்குடா." அவன் அப்பாதான் அந்தக் கான் மண்டோர். அவர் காலமாகிச் சில வருடம் ஆகியிருந்தது. சங்கிலி அடுப்படிக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. குணாவின் மனைவி அதில் பூண்டு மாலை கட்டிப் போட்டிருந்தாள்.

நான் வேண்டாம் என்று இழுத்தேன். சவரிக்கு எப்படி இருக்குமோ என்று எனக்குத் தயக்கம். சவரிதான் பிடிவாதமாக நின்றான். "அதுலயே அளக்கலாம். எங்கப்பாவ அளந்த சங்கிலிதானே. நானும் அதுலயே ஓடிக் காட்டுறேன்." குணா ஒரு பிடி, நான் ஒரு பிடி. சவரி சுண்ணாம்புக் கட்டியோடு நடுவில் நடந்தான். ஐம்பது சங்கிலி சேர்ந்தால் ஒரு கிலோமீட்டர் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஐம்பதாவது சங்கிலி சரியாகத் தண்ணீர்த் தொட்டி நிழலில் போய் விழுந்தது. சாமியே பார்த்து வைத்த மாதிரி இருக்கிறது என்று குணா சந்தோஷப்பட்டான். சங்கிலியின் ஒரு முனையில், பிடிக்குப் பக்கத்தில், சில வளையங்கள் மட்டும் வேறு கம்பியில், வேலிக் கம்பி போலத் தடியாக இருந்தன. அறுந்து ஒட்டுப் போட்டது என்று நினைத்தோம். அன்றைக்கு அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அதன் பிறகு எங்களுக்குக் கஷ்ட காலம் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை மலாவாத்திக் குன்றுக்கு ஏற்றம் ஓடப் போவோம். எங்கள் பக்கம் எல்லாம் தட்டையான தரை, ஏறுவதற்கு இருப்பது அந்த ஒரு குன்றுதான். ஓடுகிற எல்லாக் கிளப்பும் அங்கேதான் வரும். குரங்குகளும் அங்கேதான். ஒரு குரங்கு என் பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு என்னைவிட வேகமாக ஏற்றம் ஏறியதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. அங்கே வரும் கிள்ளான் கிளப்காரர்கள் தங்கள் நேரத்தைச் சொல்லும்போது எங்களுக்குத் தலை குனியும். சவரி வாயில் நுரை தள்ள ஓடியும் அவர்களில் கடைசி ஆள் நேரத்துக்குக் கிட்டே வர முடியவில்லை. பந்தயத்துக்குப் பெயர் கொடு என்றால் மாட்டேன் என்பான். "போயி அசிங்கப்படவா" என்பான். திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் ஓடுவான். ஆலையில் வேலை முடிந்து மறுபடியும் ஓடுவான். மழைக்காலத்தில் ரோட்டில் கான் தண்ணீர் ஏறி நிற்கும், அதிலும் ஓடினான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், நடை கொஞ்சம் அவன் அப்பா நடை மாதிரி ஆகிவிட்டது. அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவனிடம் சொல்லவில்லை. ஒரு நாள் தொட்டிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமே நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "எங்க ரத்தமே இவ்வளவுதான் போலடா" என்றான்.

அப்படியே இரண்டு வருடம் போயிற்று. கடைசியில் குணாதான் அவனைக் கேட்காமல் மூன்று பேருக்கும் பெயர் கொடுத்தான். கோலா குபு பாருவில் பத்து கிலோமீட்டர். மலையடிவாரத்து ஊர். எங்களுக்குப் பழக்கமில்லாத மேடு பள்ளம். குணாவின் வேனில் போகும்போது சவரி முட்டையைக் காகிதத்தில் சுருட்டி மடியில் வைத்திருந்தான்.

பந்தயத்தை நான் பார்க்கவில்லை, அதில் ஓடிக்கொண்டிருந்தேன். நான் முடித்து வந்து சேர்ந்தபோது கூட்டம் பாதி கலைந்திருந்தது. சவரி ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கண்ணாடிக் காகிதம் சுற்றிய பரிசுக் கூடை, ஹாம்பர். பால் டின், பிஸ்கட் டின், ஒரு துண்டு. வெட்டரன் பிரிவில் நாலாவதாக வந்திருக்கிறான். கிள்ளான் கிளப்பில் ஓர் ஆள் தவிர எல்லாரும் அவனுக்குப் பின்னால். நான் கட்டிப்பிடிக்கப் போனேன். அவன் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"ரோடு கொறைச்சலுடா" என்றான். "நம்ம தோட்டத்து நேரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அளவு தப்பு. ஹாம்பர திருப்பிக் குடுத்துரலாம்."

அவனுக்காக நான்தான் பந்தயம் நடத்தியவரிடம் போனேன். தொப்பி வைத்த ஒரு மலாய்க்காரர். சுற்றிவளைத்து, ரோடு கொஞ்சம் குறைவு போலத் தெரிகிறதே என்றேன். பந்தயத்தில் கிட்டத்தட்டக் கடைசியாக வந்தவன் தூரம் குறைவு என்று புகார் சொல்வதை அவர் வாழ்நாளில் கேட்டிருக்க மாட்டார். சிரித்துவிட்டு வேனைத் திறந்து காட்டினார். தள்ளுவண்டி மாதிரி கைப்பிடி வைத்த ஒற்றைச் சக்கரம். உருட்டிக்கொண்டே போனால் தூரம் எண்ணும். முழு ரோட்டையும் இரண்டு முறை உருட்டினோம் என்றார். அதே மாதிரிச் சக்கரம் எங்கள் ஸ்டோரிலும் இருக்கிறது என்று குணா சொன்னான். சொன்னவன் சாதாரணமாகத்தான் சொன்னான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலிலிருந்து உருட்டினோம். சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டிக் சத்தம் போட்டது. கிலோமீட்டர் காட்டியபோது தொட்டி இன்னும் தூரத்தில் இருந்தது. திரும்பிப் போய் மறுபடி உருட்டினோம். அதே இடம். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. "டேய், நாம வேகமா ஓடுறவனுங்கடா, நமக்கே தெரியல" என்றேன். குணாவும் சிரித்தான். இரண்டு வருடமாக நாங்கள் தினமும் கூடுதலாக ஓடிவிட்டு, மெதுவாக ஓடியதாக வருத்தப்பட்டிருக்கிறோம். இதைவிட வேடிக்கை என்ன இருக்கிறது.

சவரி சிரிக்கவில்லை. "சங்கிலிய எடுத்துட்டு வா" என்றான்.

குணா போய் எடுத்து வந்தான். ரோட்டில் நீட்டிப் போட்டு, ஸ்டோர் டேப்பைப் பக்கத்தில் இழுத்தோம். சங்கிலி என்றால் அறுபத்தாறு அடி. இந்தச் சங்கிலி அதையும் தாண்டிக் கிடந்தது. எவ்வளவு என்றால், நெடுநெடுவென்று இருக்கும் சவரி அந்த மிச்சத்தின் பக்கத்தில் படுத்தால் சரியாக இருக்கும். தாண்டிக் கிடந்த அந்தப் பகுதி முழுக்க வேலிக் கம்பி வளையம். பத்துச் சங்கிலி வெட்டினவன் கிட்டத்தட்டப் பதினோராவது சங்கிலியையும் வெட்டியிருக்கிறான், பேர் மட்டும் பத்துக்குத்தான். யார் அந்த வளையங்களைக் கோத்தார்கள் என்று தெரியாது. சேற்றில் அறுந்துபோய் யாரோ கைக்குக் கிடைத்த கம்பியில் ஒட்டுப் போட்டிருக்கலாம். வேண்டுமென்றே நீட்டியிருக்கலாம். கேட்பதற்கு அந்தச் சங்கிலி பிடித்து அளந்த ஆள் யாரும் உயிரோடு இல்லை. எனக்கு இன்றுவரை இரண்டும் நடந்திருக்கக் கூடியதாகத்தான் படுகிறது.

"உங்கப்பாவுக்குத் தெரியுமாடா?" சவரி குணாவைப் பார்க்காமல் சங்கிலியைப் பார்த்துக் கேட்டான்.

குணா டேப்பைச் சுருட்டினான். "தெரியலடா" என்றான். "தெரிஞ்சிருந்தா வீட்டுல மாட்டி வெச்சிருப்பாரா?" கொஞ்சம் கழித்து, "எனக்குச் சத்தியமா தெரியல" என்று இன்னொரு முறை சொன்னான். சங்கிலியைச் சுருட்டி சவரி கையில் கொடுத்தான். சவரி வாங்கிக்கொண்டான். நட்பு அங்கேயே முறியும் என்று நான் பயந்தேன். முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஓடும்போது நடுவில் நான் ஓட வேண்டும் என்று ஆகிவிட்டது. என் வேகத்துக்கு அது அவர்களுக்குத்தான் தண்டனை.

அன்றைக்கே நானும் சவரியும் அவன் வீட்டுக்குப் போனோம். அருளப்பன் மாமா லயத்து வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ரேடியோவைக் காதோரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சவரி சங்கிலியை அவர் காலடியில் வைத்தான். அவருக்கு அதை உடனே அடையாளம் தெரிந்தது. காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அப்பா, சங்கிலி நீளம்பா. இவ்வளவு நீளம். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் ரேடியோவை நிறுத்தினார். வேலிக் கம்பி வளையங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். கோபம் வரும், அழுவார், கத்துவார் என்று எதையோ எதிர்பார்த்துத்தான் நாங்கள் நின்றோம்.

"நான் ஒடம்புலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சிட்டேன்" என்றார். பிறகு, "உங்கம்மா பாவம்டா. எனக்குக் குடுத்த முட்டைய எல்லாம் புள்ளைங்களுக்குக் குடுத்திருக்கலாம்."

சவரி வீட்டுக்குள்ளே போய்விட்டான். அவன் அம்மா இறந்து அப்போது பல வருடம். குசினியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. நானும் மாமாவும் வாசலில் உட்கார்ந்து கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க ரேடியோவைப் போடட்டுமா மாமா என்று கேட்டேன். போடு என்றார்.

சவரி முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, "தோட்டத்துல எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்" என்றான்.

"சொல்லு, நான் வேணாம்னா சொல்றேன்" என்றார் மாமா. "ஆனா அந்தப் பேரு போச்சின்னா என்னைய யாருக்குடா தெரியும்? இந்தத் தோட்டத்துல நாலு அருளப்பன் இருக்கான்." அவர் சிரித்தாரா இல்லையா என்று எனக்கு ஞாபகமில்லை. சிரித்தார் என்று வைத்துக்கொள்கிறேன்.

சவரி சொன்னான். மளிகைக் கடையில், கோயில் திருவிழாவில், மாதாகோயில் வாசலில், ஆலைக் கேன்டீனில், சங்கிலியைக் கையிலேயே தூக்கிக்கொண்டு போய்ச் சொன்னான். எல்லாரும் கேட்டார்கள். அந்தக் கால ஆட்கள் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். மாமாவோடு கான் வெட்டிய பெரியசாமி அண்ணன் என்று ஒருவர். தினமும் முழு வேலையையும் முடித்துக் கரையேறியவர். அவர் மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப நான் தெனம் அவ்ளோ வெட்டுனேனா?" என்று கேட்டார். அவர் முகத்தில் வருத்தம் இல்லை. கொஞ்சம் பெருமைதான் இருந்தது. கடைசியில் சவரி தோளில் தட்டி, "நல்ல வேலை செஞ்சடா அரைச்சங்கிலி மகனே" என்றார். மற்றவர்களும் அப்படித்தான். நியாயத்தை ஒப்புக்கொண்டார்கள், பெயரை விடவில்லை. வாய் பழகிவிட்டது, என்ன செய்வது. சவரி அதற்குப் பிறகு நாலைந்து பந்தயத்தில் ஹாம்பரும் ஒன்றில் கோப்பையும் வாங்கினான். "அரைச்சங்கிலி மகன் கப்பு ஜெயிச்சிட்டானாம்" என்றுதான் தோட்டம் பேசியது.

பிறகு தோட்டம் விற்றுப்போனது. நோட்டீஸ் ஒட்டினார்கள், கூட்டம் போட்டோம், மனு கொடுத்தோம், அதெல்லாம் எல்லாத் தோட்டத்துக் கதைதான், உங்களுக்குத் தெரிந்திருக்கும். லோரி லோரியாகச் சாமான் ஏறியது. பாதிப் பேர் கோலா சிலாங்கூர் அடுக்குவீட்டுக்கு, மற்றவர்கள் கிள்ளான், ரவாங், காப்பார் என்று பிள்ளைகள் வேலை பார்த்த இடத்துக்கு. கிளப் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் மலாவாத்திக் குன்றிலேயே மூச்சு வாங்கியது. பெயின்ட் கடைக்காரர் பனியன் தருவதை நிறுத்தினார். குணாவுக்கு மூட்டு தேய்ந்து, மகளோடு ஈப்போவுக்குப் போய்விட்டான். வருடத்துக்கு ஒரு தரம் தீபாவளி வாழ்த்து அனுப்புவான், சவரிக்குத் தனியாகக் கிறிஸ்மஸுக்கும் அனுப்புவானாம்.

அருளப்பன் மாமா காலமானது எல்லாரும் கையில் வாட்சாப் வைத்திருக்கிற காலத்தில். மரண அறிவிப்பு படம் போட்டு அனுப்ப வேண்டும். எழுதுவதற்கு நானும் சவரியும்தான் உட்கார்ந்தோம். பெயர், வயது, அடக்கம் எங்கே, எத்தனை மணிக்கு. அனுப்பினோம். மத்தியானம்வரை அடுக்குவீட்டுக்காரர்கள் தவிர ஒருவரும் வரவில்லை. பதில்கூட இல்லை. எந்த அருளப்பன் என்று ஒரே ஒருவர் கேட்டிருந்தார். சவரி போனை வாங்கி, படத்தை மறுபடி எடுத்து, பெயருக்கு முன்னால் அவனே தட்டினான்: அரைச்சங்கிலி. எழுத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு அனுப்பினான். சாயந்திரத்துக்குள் அடுக்குவீட்டுக் கீழே மோட்டார் சைக்கிள் நிறுத்த இடமில்லை. காப்பாரிலிருந்து பெரியசாமி அண்ணன் வேட்டி சட்டையோடு பஸ் ஏறி வந்துவிட்டார். "அரைச்சங்கிலின்னு போட்டியோ பொழைச்சேன், இல்லன்னா வேற யாரோன்னு உட்டுருப்பேன்" என்று சவரி கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சவரி முதல் தடவையாக அந்தப் பெயருக்கு முகம் சுளிக்காமல் நின்றான்.

கடிகாரக் கதையைச் சொல்லலாம் என்று போன வாரம் சவரியைக் கூப்பிட்டேன். அசாம் ஜாவா முச்சந்தியில் ரொட்டிச் சானாய் கடை ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஓடி முடித்து உட்காரும் கடை. முதலாளி மாறி, விசிறி மாறி, தே தாரிக் டீ மட்டும் மாறாமல் இருக்கிறது. சவரி இப்போது ஓடுவதில்லை. காலில் ஸ்டீல் வைத்திருக்கிறார்கள். கடிகாரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தொட்டிக்கு முன்னாலேயே கூவுகிறது என்றதும், "மிச்சத்த ஓடுறியா, நிறுத்திடுறியா?" என்றான். ஓடுகிறேன் என்றேன். தலையை ஆட்டினான். பழைய ஆட்கள் யார் யார் இருக்கிறார்கள் என்று பேச்சுப் போனது. பெரியசாமி அண்ணனிடம் பேசி ரொம்ப நாளாகிறது என்று அவனே நம்பர் தேடி அழைத்தான். கடைச் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டான்.

யாரோ வாலிபப் பையன் எடுத்தான்.

"தம்பி, பெரியசாமி அண்ணன் இருக்காரா? நான் அரைச்சங்கிலி மகன் பேசுறேன்."

"யாரு?"

"அரைச்சங்கிலி மகன். தோட்டத்து ஆளு."

பையன் மரியாதையாகத்தான் சொன்னான். "தாத்தா தவறிட்டாங்க அங்கிள், ரெண்டு வருஷமாச்சு. நீங்க சொல்ற பேரு இங்க யாருக்கும் தெரியாது."

சவரி போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தான். டம்ளரை எடுத்தான், குடிக்காமல் கீழே வைத்தான். ரோட்டில் கிள்ளான் பஸ் ஒன்று கடந்து போனது.

"பாத்தியாடா" என்றான். "இப்ப அந்தப் பேர ஒருத்தனும் சொல்லல."